முக்கால் முளை

பொறுமை எனக்குப் பிறவியிலேயே கிடையாது. பஸ் நிற்பதற்குள் இறங்குவேன். அந்த அழகில் தில்லிக்கு வந்து, முனிர்காவில் அறை பிடித்து, பீர் கம்பெனிகளுக்கு மால்ட் செய்யும் ஓர் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தேன். பார்லியை ஊறவைத்து, நீளத் தொட்டியில் பரப்பி முளைக்கவிட்டு, சரியான நேரத்தில் சூளையில் ஏற்றி உலர்த்த வேண்டும். வேலையில் பாதி, சும்மா காத்திருப்பது.

ஏப்ரலில் ஒரு தொட்டியை ஒரு நாள் முன்னதாகவே சூளையில் ஏற்றிவிட்டேன். தானியம் கல்லாகக் கிடந்தது. வாங்கியவர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"அவசரக்குடுக்கை! அஞ்சு நாள்னா அஞ்சு நாள்" என்று கத்தினார் மேற்பார்வையாளர் பூவராகவன் சார். "இன்னொரு தொட்டி கெட்டா முதலாளி உன்னை வச்சுக்க மாட்டார், இந்துஜா."

ஜூன் மாதம், ஒரு சனிக்கிழமை. சாருக்கு விடுமுறை. காலையில் போன கரன்ட் மூன்று மணிக்குத்தான் வந்தது. ஜெனரேட்டரும் மக்கர் செய்தது. தொட்டிக்கு அடியில் குளிர்காற்று ஊதும் விசிறி அதுவரை நின்று கிடந்ததால், பார்லிக்குள் கையை விட்டால் சுட்டது. அன்று நான்காம் நாள்தான். உமிக்கு அடியில் வளரும் முளை, மணியின் நீளத்தில் முக்கால் பங்கு வந்ததும் நிறுத்திவிட வேண்டும். வெளியே நீண்டால் உள்ளிருக்கும் மாவை அதுவே தின்றுவிடும். நகத்தால் ஒரு மணியை உரித்தேன். முக்கால். இன்னும் பத்து உரித்தேன். எல்லாமே முக்கால்.

ஏற்றிவிடலாமா என்று சூளைக்காரர் இந்தியில் கேட்டார். என் வாய், நாளைக்கு என்றது. சார் வீட்டு எண்ணில் பாதியைச் சுழற்றி, போனை வைத்துவிட்டேன். 'அவசரக்குடுக்கை' என்று மறுபடி கேட்கத் தெம்பில்லை. சாயங்காலம் முனிர்காச் சந்துகளில் நாலு சுற்று நடந்தேன்.

ஞாயிறு காலை தொட்டி முழுவதும் முளைகள் உமியைத் தாண்டி நீண்டிருந்தன. பூவராகவன் சார் ஒரு கை அள்ளிப் பார்த்துவிட்டுக் கீழே போட்டார்.

"அச்சா, போனது போச்சு. கரன்ட் இல்லே, சூட்டுல வளர்ந்ததை யாரும் கவனிக்கலேன்னு ரிஜிஸ்டர்ல எழுதிடு. வேலை தப்பிக்கும். ஜல்தி, முதலாளி ரூமுக்கு வந்துட்டார்."

"நான் பார்த்தேன் சார். நேத்து மூணு மணிக்குச் சரியா இருந்தது."

அவர் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "மெதுவாப் பேசும்மா. பார்த்துட்டா சும்மா இருந்தே?"

"நீங்க திட்டினதுலேர்ந்து என் கண்ணையே நான் நம்பலே சார்."

அவர் பேனாவை என் பக்கம் நீட்டினார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. தெரிந்தும் ஒரு நாள் முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேனே என்று என்மேலேயே வெறுப்பாக இருந்தது. பேனாவை வாங்காமல், கதவைத் தட்டக்கூடத் தட்டாமல், உள்ளதைச் சொல்ல முதலாளி அறைக்குள் நுழைந்தேன்.