காற்றுத் துளை

மாமனாரின் கால் கணினித் திரையில் சாம்பல் நிறத்தில் சுழன்றுகொண்டிருந்தது. முழங்காலுக்குக் கீழே சர்க்கரை வியாதி விட்டுவைத்த மிச்சம் அது. மாப்பிள்ளை அதன்மேல் ஒரு கெட்டியான கட்டையை வரைந்து, கட்டையிலிருந்து காலைக் கழிக்கச் சொல்லி மவுஸை அழுத்தினான். கால் மறைந்து, அதே வடிவத்தில் ஒரு குழி மிஞ்சியது. செயற்கைக்கால் செய்யும் பட்டறையில் அவனுக்கு இதுதான் வேலை. அந்தக் குழிக்கு சாக்கெட் என்று பெயர். அதில் கால் ஒழுங்காக உட்கார்ந்தால் வந்தவர் நடப்பார். உட்காராவிட்டால் மாப்பிள்ளையைத் திட்டுவார்.

ஊரார் காலுக்கெல்லாம் ஒரே தடவையில் குழி வெட்டிக் கொடுத்தவனுக்கு, மாமனாரின் கால் மட்டும் பிடி கொடுக்கவில்லை. முதல் சாக்கெட்டைப் போட்டு நாலடி வைத்தார். முன்னெலும்பில் உரசுகிறது என்று கழற்றிப் போட்டார். மாடலில் அந்த இடத்தை ஒரு சுற்று ஆழமாக வெட்டினான். அடுத்த சாக்கெட்டில் வலி பின்பக்கம் போயிற்று. அங்கேயும் வெட்டினான். வலி பக்கவாட்டுக்கு வந்தது. வலி என்ன வாடகைக்கா குடியிருக்கிறது, இப்படி வீடு மாறிக்கொண்டே இருக்க? ஆனால் கேட்க முடியுமா, பெண் கொடுத்தவர். கம்ப்யூட்டரில் ஓட்டை போடுவதற்கு ஒரு படிப்பா என்று கல்யாணப் பேச்சின்போதே கேட்டவர் வேறு.

இதற்கு நடுவில் அவன் மனைவிக்கு வெளியூரில் பதவி உயர்வு வந்திருந்தது. வருஷக்கணக்கில் மல்லுக்கட்டி வாங்கியது. அவள் அங்கே போய்த் தங்கி, விடுமுறைக்கு வந்து போகலாம். அவன் இங்கேயே பட்டறையில் இருக்கலாம். ஆனால் பகலில் வீட்டில் யாரும் இருக்கமாட்டார்கள், மாமனாருக்குக் குளியலறைக்குப் போகவே ஒரு ஆள் தோள் கொடுக்கவேண்டும். இப்போது அவள் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பதால் வண்டி ஓடுகிறது. அப்பா தானாக நடந்துவிட்டால் போகிறேன், இல்லாவிட்டால் மாதக் கடைசியில் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்றாள். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க அவனுக்குத் தைரியம் இல்லை.

அதனால்தான் இந்தத் தடவை பழைய மாடலைத் தூக்கிப் போட்டுவிட்டு, காலைப் புதிதாக ஸ்கேன் செய்து, புதுக் கட்டையில் முதலிலிருந்து வெட்டினான். மாமனார் பட்டறைக்கு வரமாட்டேன் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்ததால், செய்த காலை வீட்டுக்கே கொண்டுவந்தான். பவுடர் போட்டு மாட்டினார்கள். கால் உள்ளே இறங்கும்போது ஒரு சத்தம் வந்தது. அது எப்படிப்பட்ட சத்தம் என்று விளக்கத் தேவையில்லை. மூன்று பேரும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்தார்கள்.

மாமனார் எழுந்து நின்றார். வலிக்கிறது, கழற்று என்றார்.

கழற்ற வரவில்லை. மாப்பிள்ளை இழுத்தான். மனைவி அப்பாவைப் பிடித்துக்கொள்ள, அவன் தரையில் உட்கார்ந்து இழுத்தான். நாற்காலியோடு மாமனார் வந்தாரே தவிர சாக்கெட் வரவில்லை. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. காற்று போய்வர சாக்கெட்டின் அடியில் சின்னதாக ஒரு துளை வெட்டவேண்டும். பழைய மாடலில் வெட்டியிருந்தான். புதுக் கட்டையில் மறந்தே போய்விட்டான். உள்ளே காற்றில்லாமல் சாக்கெட் காலைக் கவ்விக்கொண்டுவிட்டது.

விஷயத்தை மென்று முழுங்கிச் சொன்னான். மாமனார் அமைதியாகக் கேட்டார்.

"ஓட்டை போடறது ஒண்ணுதானே மாப்பிள்ளை உங்க வேலை?"

டிரில்லிங் மெஷின் பட்டறையில் இருந்தது. பட்டறை தெருக்கோடியில் இருந்தது. சக்கர நாற்காலியைக் கொண்டுவருகிறேன் என்றான். நீங்கள் ஒன்றும் தள்ளவேண்டாம், உங்கள் முதலாளியிடம் நானே வந்து நாலு வார்த்தை கேட்கிறேன் என்று சொல்லி, ஊன்றுகோல் இரண்டையும் அக்குளில் சொருகிக்கொண்டு மாமனார் கிளம்பிவிட்டார்.

லிஃப்டில் இறங்கினார். வாசல் மேட்டைத் தாண்டினார். புதுக்காலை ஊன்றித் தெருவில் நடந்தார். கோபத்தில் இருந்த மனுஷனுக்குத் தான் நடப்பது தெரிந்ததா இல்லையா என்று தெரியவில்லை. பின்னால் வந்த மாப்பிள்ளை வாயைத் திறந்தான். மனைவி அவன் கையில் நறுக்கென்று கிள்ளினாள். இருவரும் கம்மென்று வந்தார்கள். தையல்கடைக்காரர் மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். மாமனார் முறைத்ததும் மறுபடி தைத்தார்.

முதலாளி வெளியே போயிருந்தார். கால் மாட்டிச் சரிபார்க்கும் ஃபிட்டர் அம்மாதான் இருந்தாள். அவள் எதுவும் கேட்காமல் மாமனாரை உட்காரவைத்து, சாக்கெட்டின் அடியில் துளை போட்டாள். புஸ்ஸென்று காற்று ஏறியது. கால் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. அவள் தோலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எங்கேயும் சிவப்பில்லை, கன்றிப்போகவில்லை. இவ்வளவு தூரம் நடந்தும் ஒரு கீறல்கூட இல்லையே, எங்கே வலித்தது என்று கேட்டாள்.

மாப்பிள்ளை மாமனார் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்தான். இடத்தைக் காட்டினால் மறுபடி வெட்டித் தருகிறேன் என்றான். எத்தனை நாள்தான் ஒரு மனிதன் கண்ணில் படாத வலியைத் தேடி வெட்டிக்கொண்டிருப்பான்?

"வெட்டினது போதும் மாப்பிள்ளை. முதல்ல செஞ்சதே சரியாத்தான் இருந்துச்சு."

"அப்புறம் ஏன் மாமா?"

மாமனார் மகளைப் பார்க்காமல் சொன்னார்.

"நடந்துட்டா இவ போயிடுவா. பயமா இருந்துச்சு."

அவள் அழுதாள். நான் போகவில்லை அப்பா, எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்றாள். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. மேஜைமேல் இருந்த காலைத் தானே எட்டி எடுத்து மாப்பிள்ளையிடம் நீட்டினார்.

"மாட்டுங்க. இவளுக்கு ஒரு பெட்டி ஒழுங்கா அடுக்கத் தெரியாது. நான் போய்த்தான் அடுக்கணும்."