இரண்டு சுருளில் ஒன்று

குன்றக்குடி பங்குனி உத்திரத்துக்கு இன்னும் நான்கே நாள். போன வருஷம் அங்கே நாகநாதனின் கிதார், பாட்டைவிட அதிகமாக இரைந்தது. மேடையைச் சுற்றி டியூப்லைட் எரிந்த நேரமெல்லாம் ஒலிபெருக்கியில் ஒரே முனகல். "மாவு மில்லைத் தூக்கிட்டு வந்துட்டீகளா?" என்று கூட்டத்தில் ஒருவன் கத்த, பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த தங்கை புஷ்பவள்ளி தலையைக் குனிந்துகொண்டாள். இந்த முறையும் இரைந்தால் மேடை மதுரைக் குழுவுக்குத்தான் என்று விழாக் குழுத் தலைவர் கோட்டைச்சாமி சொல்லிவிட்டார்.

காரைக்குடியில் பம்புசெட் மோட்டாருக்குக் காயில், அதாவது செம்புக் கம்பிச் சுருள், கட்டும் கடை அவர்களுடையது. கட்டுபவள் புஷ்பவள்ளி. பினாங்கிலிருந்து பழைய கிதார்ச் சாமான்கள் கொண்டுவந்திருந்த வயிரவன் அந்தக் கடை மேசையில் இரண்டு ஹம்பக்கர் பிக்கப்புகளை வைத்தான். கிதார்க் கம்பியின் அதிர்வை வாங்கி அனுப்பும் துண்டுகள் அவை. உள்ளே இரண்டு சுருள். ஒன்றில் ஏறும் இரைச்சலை மற்றது அடித்துவிடும். பிக்கப்புகளில் ஒன்று தங்க முலாம், மற்றது கறுத்துக் கிடந்தது.

"பழசுதான். ஒண்ணை எடுத்துக்கங்க. மத்தது வேற ஆளுக்கு."

நாகநாதன் இரண்டையும் மாற்றி மாற்றி இணைத்து வாசித்தான். தங்கம் வெண்கல மணிபோல ஒலித்தது. தபலா வாசிக்கும் தங்கச்சாமி தொடையில் தட்டினான்.

"இதுதாண்ணே மாப்பிள்ளை. அது மாப்பிள்ளைத் தோழன்."

புஷ்பவள்ளி மீட்டரை வைத்துப் பார்த்தாள். கறுப்பு எட்டாயிரம் ஓம் காட்டியது. தங்கம் அதில் பாதி, நாலாயிரம்தான்.

"அண்ணே, இதுல ஒரு சுருள் செத்துருக்கு."

"சத்தம் வருதுல்ல தாயி?"

"ஒத்தக் காளை இழுத்தாலும் வண்டி நகரத்தான் செய்யும்."

"மோட்டார் கட்டுற புள்ளைக்குக் கிதாரும் தெரியுமாக்கும்!" என்றான் தங்கச்சாமி.

"கம்பிக்குத் தெரியுமாண்ணே, தான் மோட்டார்ல இருக்கோமா கிதார்ல இருக்கோமான்னு?"

பகலில் யாரும் போடாத டியூப்லைட்டை அவள் எழுந்துபோய்ப் போட்டாள். தங்கம் முனகத் தொடங்கியது. கறுப்பை இணைத்தார்கள், மூச்சுக்கூட இல்லை. நாகநாதன் கறுப்பையும் ஈயம் பற்றவைக்கும் கோலையும் எடுத்து அவள் கையில் கொடுத்தான்.

உத்திரத்தன்று பொழுது சாயும்போதே மேடை விளக்குகளெல்லாம் எரிந்தன. கோட்டைச்சாமி பரபரப்பாக மேலே ஏறினார்.

"கிதாருக்கு இன்னும் கரண்டு குடுக்கலையா தம்பி?"

"குடுத்துக் கால்மணி நேரமாச்சு ஐயா."

அவர் குனிந்து ஒலிபெருக்கியில் காதை வைத்துக் கேட்டார். நம்பாமல் இன்னொரு காதையும் வைத்தார்.

"மதுரையில குடுத்தா ரிப்பேர் பாத்தீக?"

மைக் வேலை செய்துகொண்டிருந்ததை நாகநாதன் கவனித்தானோ இல்லையோ, அதன் பக்கம் திரும்பித்தான் பதில் சொன்னான்.

"எங்க கடையிலதான். தேர்ந்தெடுத்துப் பூட்டுனது என் தங்கச்சி புஷ்பவள்ளி. அந்தா, அங்குட்டு உக்காந்திருக்கா."

கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. புஷ்பவள்ளி தலையைக் குனியவில்லை.