நாலு சென்டிமீட்டர்

வலது கால் செயலிழந்த பிறகும் கார் சாவியை சிசுரு யாரிடமும் கொடுக்கவில்லை. வாரம் முழுக்க ஜப்பானின் மயேபாஷி நகரில் டயர் கடை வேலை, ஞாயிறு ஆனால் அகாகி மலை வளைவுகளில் கார் ஓட்டுவது என்று இருபது வருடம் கழித்தவள். நரம்பு நோய் இரண்டே வருடத்தில் அவளைச் சக்கர நாற்காலியில் உட்கார்த்திவிட்டது. கைகளும் மடியை விட்டு எழுவதில்லை. வாய் மட்டும் அப்படியே இருந்தது.

மே மாதம் வீட்டுக்கு ஒரு பெட்டி வந்தது. உள்ளே காருக்கான நான்கு குட்டைச் சிவப்பு ஸ்பிரிங்குகள். தன் ஸ்போர்ட்ஸ் காரை நாலு சென்டிமீட்டர் தாழ்த்த வேண்டும் என்பது அவளுடைய பழைய ஆசை. கூரை ஒழுகுகிறது, கணவனுக்கு முதுகில் ஆபரேஷன் என்று தள்ளிக்கொண்டே போன ஆசை.

“கடையில குடுத்து மாட்டிடலாம்,” என்றான் கணவன் மொரியோ. நூலகத்தில் வேலை பார்ப்பவன்.

“வேண்டாம். நீ மாட்டு, நான் சொல்றேன்.”

இரண்டு நாள் ஆயிற்று. அவள் வாசலில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, அவன் காரைத் தூக்கி நிறுத்தினான், சக்கரங்களைக் கழற்றினான், பழைய ஸ்பிரிங்கைக் கொக்கி போட்டு அழுத்தினான்.

“மூஞ்சியத் தள்ளி வச்சுக்க. தெறிச்சா பல்லு மிஞ்சாது.” நாலு வயது இளையவன் என்பதால் கல்யாணமாகியும் அவனைச் சின்னப் பையனைக் கூப்பிடுவதுபோல் ‘மொரியோ-குன்’ என்றுதான் கூப்பிடுவாள். “அய்யோ மொரியோ-குன், அது என்ன புத்தகமா, மெதுவாப் புரட்டறதுக்கு? முறுக்குய்யா!”

சக்கரம் தரையில் நின்ற பிறகு கடைசி போல்ட்டுகளை முறுக்கச் சொன்னாள். கார் பதுங்கி நின்றது. அவள் அதை முன்னிருந்து பின்வரை பார்த்தாள்.

“வா, ஒரு ரவுண்டு போலாம்,” என்று அவளைத் தூக்கினான். இருக்கை எங்கோ கீழே இருந்தது. பாதி குனிந்ததுமே முதுகு பிடித்துக்கொண்டது. தள்ளாடி, அவளை நாற்காலியிலேயே திரும்ப வைத்தான்.

“வீட்டுக்கு வர்ற நர்ஸ் சீட் உயரத்தை அளந்து பாத்து அப்பவே சொல்லிட்டாங்க,” என்றாள் சிசுரு. “இதுக்கு மேல தாழ்ந்தா உன்னால முடியாதுன்னு.”

“தெரிஞ்சேவா வாங்கின?”

“போன மாசம் கார்ல இருந்து என்னை இறக்கிவிட்டுட்டு, குளியலறைக் கதவைச் சாத்திக்கிட்டு வலியில முனகின. எனக்குக் கேட்டுச்சு. என்னைத் தூக்கறதை நீயா நிறுத்த மாட்ட.”

“பழைய ஸ்பிரிங்கையே திரும்பப் போட்டுடறேன்.”

“போட்டா பேசவே மாட்டேன். இருபது வருஷம் உள்ளயே உக்காந்திருந்தேன். ரோட்டுல அது போறப்ப எப்படி இருக்கும்னு ஒரு தடவைகூடப் பாத்ததில்ல. ஓட்டிக் காட்டு.”

ஓட்டினான். “கிளட்ச்சை முழுசா மிதி!” என்ற அவள் குரல் தெருமுனை வரை கேட்டது. மூன்றாவது சுற்றில் பாதை கண்ணுக்குத் தெரியவில்லை. திருப்பத்தில் நிறுத்தி, ஸ்டீயரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

திரும்பி வந்தபோது அவள் கன்னங்கள் நனைந்திருந்தன. துடைக்க அவளுக்குக் கை எழாதே. கிரீஸ் படிந்த விரலால் துடைத்துவிட்டான்.

“அழகா இருக்குடா,” என்றாள்.

இலையுதிர் காலத்தில் அவள் குரலும் போயிற்று. ஞாயிறுதோறும் அவளை வாசலில் உட்காரவைத்து, முன்னால் ஓட்டிப் போவான். கண்ணை இரண்டு முறை சிமிட்டினால் இன்னொரு சுற்று.

ஜனவரியில் சிசுரு இறந்தாள். அடுத்த ஞாயிறு பழக்கத்தில் காரை எடுத்துவிட்டான். தெருவைச் சுற்றி வந்தால் வாசலில் ஆளில்லை. நிறுத்துவதா போவதா என்று தெரியாமல், மெல்ல மெல்ல வீட்டைக் கடந்து போனான்.