குளித்து வந்தவர்களின் பசி

சீசன் நேரத்தில் எங்கள் வீட்டுக்கு வருகிற விருந்தாளிகள் எல்லாரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார்கள். தலையைக்கூடச் சரியாகத் துவட்டியிருக்க மாட்டார்கள். கண் சிவந்து, உதடு நடுங்க, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுவார்கள். "அருவியில குளிச்சிட்டு வந்தா என்னா பசி பசிக்குது, ஹஸீபா." நான் "வாங்க, உட்காருங்க" என்று தட்டை வைப்பேன். அந்தப் பசி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

நம்ப மாட்டீர்கள். தென்காசியில் வாழ்க்கைப்பட்டவள் நான். பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் குற்றாலம். பிறந்த ஊர் திருவேங்கடம், அங்கே மேகத்தைப் பார்த்ததும் ஆளாளுக்கு வெளியே வந்து நிற்பார்கள், மேகம் பாட்டுக்குப் போய்விடும். எனக்குத் தென்காசி மாப்பிள்ளை என்றதும் தெருப் பெண்கள் எல்லாரும் வந்து, "கொடுத்து வச்சவ, தினமும் அருவியில குளிப்பா" என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனார்கள். வந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. ஆனி பிறந்து சாரல் விழுந்ததும் சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் எங்கள் மேல் பாசம் பொங்கிவிடும். அவர்கள் அருவிக்குப் போவார்கள், நான் அடுப்படிக்குப் போவேன்.

போனதே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு தடவை பங்குனியில் போனோம். அருவி, சரியாக மூடாத குழாய் மாதிரி ஒழுகிக்கொண்டிருந்தது. இன்னொரு தடவை நல்ல சீசனில் போனோம். அப்போது என் மகள் ஹஃப்சா கைக்குழந்தை. எல்லாருடைய துணிமணிக்கும் போனுக்கும் காவலாக, அவளை மடியில் வைத்துக்கொண்டு ஒரு கடை ஓரமாக உட்கார்ந்திருந்தேன். ஹஃப்சா இப்போது ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள்.

ஆனாலும் குற்றாலத்தைப் பற்றி என்னிடம் கேட்டால் எல்லாம் சொல்வேன். ஐந்தருவியில் எந்தப் பக்கம் பெண்களுக்கு, பழைய குற்றாலத்தில் எப்போது கூட்டம் குறையும், எந்தக் காற்று அடித்தால் மலையில் மழை என்று அத்தனையும் அத்துபடி. எல்லாம் சோறு போட்டபடி காதால் கேட்டதுதான்.

இந்த வருஷம் என் வீட்டுக்காரர் பாரூக்குக்கு ஆடியில் லீவு கிடைத்தது. ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக். எப்போதும் சீசன் முடிந்த பிறகுதான் வருவார். செய்தி சொன்ன அன்றே போனில் நான் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

"இந்தத் தடவை நானும் விருந்தாளிதான். நம்ம வீட்டப் பூட்டிட்டு குற்றாலத்துலயே ரூம் போட்டு மூணு நாள் தங்குவோம். அருவி நிறைய தண்ணி விழுகையில ஒரு தடவையாவது அடியில போயி நிக்கணும்."

"இவ்வளவுதானே. நான் பிளான் போடுதேன், நீ சும்மா இரு," என்றார்.

அவரிடம் ஒரு வேலையைக் கொடுத்தால் முதலில் ஆளைச் சேர்ப்பார். மறுநாளே வாட்ஸ்அப்பில் 'சாரல் டூர்' என்று ஒரு குரூப் வந்து நின்றது. சென்னையில் இருக்கிற அவருடைய அக்கா மெஹர் பானு, அதாவது என் மதினி, மச்சான் முகம்மது ரபீக், அவர்களுடைய இரண்டு பையன்கள் எல்லாரும் உள்ளே. முதல் நாள் பேரருவி, அடுத்த நாள் ஐந்தருவி, கடைசி நாள் புளியறை செக்போஸ்ட் தாண்டிக் கேரளா பக்கம் பாலருவி, திரும்பும்போது புளியறையில் பரோட்டா என்று பிளான் ஜரூராக ஏறியது. எனக்கும் சந்தோஷம்தான். மதினி வந்தால் என்ன, ரூமில்தானே தங்கப்போகிறோம் என்று இருந்தேன். ஹஃப்சாவும் நானும் அளவு பார்த்து ஆளுக்கொரு சுடிதார்கூட வாங்கி வைத்தோம்.

அப்புறம் பாரூக்கின் குரல் செய்தி வந்தது. குரலில் அவ்வளவு பெருமை.

"எல்லாருக்கும் ஒரு சந்தோஷமான விஷயம். ஐந்தருவி ரோட்டுல தனி வீடே புடிச்சாச்சு. ரூம் இல்ல, வீடு. அடுப்பு, கேஸ், மிக்சி, பெரிய பாத்திரம் எல்லாம் அங்கனயே இருக்கு. சீசன் கூட்டத்துல ஹோட்டல் சாப்பாடு பிள்ளைகளுக்கு ஒத்துக்காது. ஹஸீபா இருக்கையில நமக்கு என்ன கவலை."

உடனே மதினி பதில் போட்டார்கள். "அவ நெய்ச்சோத்துக்காகத்தானே இவ்வளவு தூரம் வருதோம்." பின்னாலேயே வரிசையாகச் சிவப்பு இதயம்.

போனைக் கவிழ்த்து வைத்தேன். வீட்டைப் பூட்டச் சொன்னால் இந்த மனிதர் அடுப்படியை மட்டும் கழற்றிக் கூடவே கொண்டு வருகிறார். இதில் பெரிய கொடுமை என்னவென்றால், அன்று மத்தியானமே நான் மிளகாயும் மல்லியும் எடுத்து மாடியில் காயப் போட்டுக்கொண்டிருந்தேன், மூன்று நாளைக்கு மசாலாப் பொடி வேண்டுமே என்று. பள்ளிக்கூடம் விட்டு வந்த ஹஃப்சா அதைப் பார்த்துவிட்டு, "உம்மா, நீ வாப்பாகிட்ட ஒண்ணுமே சொல்லலியா?" என்று கேட்டாள்.

"நீ போயி முகத்தக் கழுவுட்டி," என்று அவள் மேல் எரிந்து விழுந்தேன். என் மேல் வந்த கோபம் அது.

என்ன சொல்ல முடியும்? வருஷம் முழுவதும் வெயிலில் கிடந்துவிட்டு வருகிறவரிடம், எனக்குச் சமைக்க முடியாது என்று எந்த வாயால் சொல்வது? சொன்னால் நானே எனக்குக் கெட்டவளாகத் தெரிவேன். எண்ணி எண்ணி, இந்த வருஷமும் துணிமணிக்குக் காவல்தான் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

அந்த வாரத்தில்தான் உவைஸ் வந்தான். ஷார்ஜாவில் பாரூக்கோடு ஒரே ரூமில் இருக்கிற தென்காசிப் பையன். லீவில் வருகிறவர்கள் ரூமில் இருக்கிற மற்றவர்களின் பார்சலையும் சுமந்து வந்து வீடு வீடாகக் கொடுப்பார்கள். பால் பவுடர், கோடாலித் தைலம், ஹஃப்சாவுக்கு ஒரு பை என்று எடுத்து வைத்தான். சாப்பாட்டு நேரம், சும்மா அனுப்ப முடியுமா? சோறும் சாளை ஆணமும், அதாவது மத்தி மீன் குழம்பும், வைத்தேன்.

ஒரு கவளம் வாயில் வைத்தவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

"அக்கா, அப்படியே பாரூக் அண்ணன் கைப்பக்குவம்."

எனக்கு விளங்கவில்லை. "என்னது?"

"ரூம்ல நாங்க எட்டுப் பேரு, முறை வச்சுத்தான் சமையல். வியாழக்கிழமை அண்ணன் முறை. அன்னைக்கு ஒருத்தனும் வெளிய சாப்பிடப் போக மாட்டான். பக்கத்து ரூம்காரனே தட்டத் தூக்கிட்டு வந்துருவான். இதே ருசிக்கா, இதே புளிப்பு."

நான் அவனுக்கு இன்னொரு கரண்டி ஆணம் ஊற்றினேன். கை அதுவாக ஊற்றியது. மனசு வேறு எங்கோ போய்விட்டது. இந்த வீட்டில் தண்ணீர் வேண்டுமென்றால்கூட உட்கார்ந்த இடத்திலிருந்து குரல் கொடுக்கிற மனிதர், அங்கே எட்டுப் பேருக்கு ஆக்கிப் போடுகிறார். அதைவிட இன்னொன்று. வியாழக்கிழமை சாயங்காலம் தவறாமல் போன் வரும். "இன்னைக்கு என்ன ஆக்குன?" என்பார். சொல்வேன். "எப்படி வச்ச?" என்பார். தேங்காய் எவ்வளவு, புளி எப்போது ஊற்றினாய், மீனை எப்போது போட்டாய் என்று ஒன்று விடாமல் கேட்பார். பாவம், வீட்டுச் சாப்பாட்டுக்கு ஏங்கிப்போய்க் கேட்கிறார் என்று நினைத்து, எத்தனையோ வியாழக்கிழமை பேசி முடித்துவிட்டு நான் அழுதிருக்கிறேன். இவர் கரண்டியும் கையுமாக நின்று கேட்டிருக்கிறார்.

கோபம் வந்தது. சிரிப்பும் வந்தது. என் கைப்பக்குவம் எனக்குத் தெரியாமல் கடல் தாண்டிப் போய்க் குடியிருக்கிறதே என்று ஒரு பெருமையும் வந்தது, பொய் சொல்வானேன்.

அந்த வியாழக்கிழமையும் போன் வந்தது.

"இன்னைக்கு என்ன ஆக்குன?"

"அத விடுங்க. நீங்க தாளிச்சாச்சா?"

அந்தப் பக்கம் கரண்டியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"உவைஸ் வந்தானாக்கும்," என்றார்.

"வந்தான். உங்க ஆணத்தப் பத்திப் பெருமையாச் சொன்னான். ஏன் எங்கிட்ட மறைச்சீங்க?"

"சொன்னா நீ அழுவ. வேல முடிஞ்சு வந்து இவரே ஆக்கித் திங்காரேன்னு மனசு கஷ்டப்படுவ."

"சரி. ஊருக்கு வந்தா ஒரு வெங்காயம்கூட உரிக்க மாட்டீங்களே, அது எதுக்கு?"

"அந்த ஒரு மாசமாவது எனக்கு ஒருத்தர் தட்டுல வச்சுத் தரணும்னு ஆசையா இருக்கும் ஹஸீபா. வேற ஒண்ணுமில்ல."

அதைக் கேட்டதும் என் கோபத்தில் பாதி இறங்கிவிட்டது. அவருக்கு என் வீடுதான் குற்றாலம். ஆனால் மீதிப் பாதி அப்படியே இருந்தது, அதை நான் விடவில்லை.

"எனக்கும் அதே ஆசைதான். எனக்கு எங்க லீவு இருக்கு? இங்க பாருங்க, லீவு முழுக்க உங்களுக்கு விதவிதமா ஆக்கித் தாரேன். முகம் சுளிச்சா கேளுங்க. ஆனா அந்த மூணு நாளும் முறை உங்களுக்கு. நீங்க புடிச்ச வீடு, நீங்களே அடுப்புல நில்லுங்க."

"அக்கா என்ன சொல்லுவா? மச்சான் முன்னாடி..."

"அவங்களுக்கும் சேத்து வையுங்க."

அவர் சிரித்துவிட்டார். "சரி, முறை எனக்கு," என்றார்.

பேச்சில் எல்லாம் சரியாகிவிட்டது. ஆனால் அவர் லீவில் வந்து சேர்ந்து, நாங்கள் எல்லாரும் பெட்டியோடு ஐந்தருவி ரோட்டு வீட்டில் போய் இறங்கிய அன்று மலையில் பிடித்த மழை விடவே இல்லை. எல்லா அருவியிலும் வெள்ளம், குளிக்கத் தடை. பாலருவிக்கும் போக முடியவில்லை. பாரூக் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்படிக்குள் போனார். மதினி வாசலிலேயே நின்று பார்த்தார்கள். பிறகு என்னிடம் வந்தார்கள்.

"எந்தம்பி அடுப்புல வேகுதான். நீ கட்டில்ல உட்கார்ந்திருக்க."

சுருக்கென்று குத்தியது. எழுந்திருக்கத்தான் கால் போனது. கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"மதினி, அங்க எட்டுப் பேருக்கு இவருதான் ஆக்குதாரு. நமக்கு ஆக்குனா என்ன? நீங்களும் உட்காருங்க. சென்னையில உங்களுக்கு யாரு வச்சுத் தாரா?"

மதினி அடுப்படி வாசலுக்கே திரும்பிப் போனார்கள். மத்தியானம் ரபீக் மச்சான் மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டதைப் பார்த்தார்கள். சாயங்காலம் என் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டு, "எனக்கும் யாரு வச்சுத் தாரா" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்கள்.

இரண்டாவது நாளும் தடை. ஹஃப்சா குடையைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டுப் பார்த்துவிட்டு வந்தாள். "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்," என்று பாரூக் சமாதானம் சொன்னார். அடுத்த வருஷம் ஆடியில் லீவு கிடைக்குமா என்று யாருக்குத் தெரியும்? இத்தனை பேரையும் திருத்தி, இத்தனை வழக்கத்தையும் மாற்றி, கடைசியில் தண்ணீரே கதவைச் சாத்துகிறதே என்று இருந்தது.

மூன்றாம் நாள் காலையில் வானம் வெளுத்தது. மத்தியானம் கிளம்ப வேண்டும். நான் பாட்டுக்கு எழுந்து, பழக்க தோஷம், தேங்காயை உடைத்துத் துருவ உட்கார்ந்துவிட்டேன். ஹஃப்சா தெருவிலிருந்து ஓடி வந்தாள்.

"உம்மா, தடைய எடுத்துட்டாங்க. எல்லாரும் போறாங்க."

"இந்த ஒரு மூடி மட்டும் துருவிட்டு வாரேன்," என்றேன். இதை நான்தான் சொன்னேன் என்று பிறகு நினைக்கும்போது வெட்கமாக இருக்கிறது. பாரூக் குனிந்து என் கையிலிருந்து தேங்காய் மூடியை எடுத்தார்.

"ஏ, இது என் முறை. நீ போ," என்றார்.

ஐந்தருவியில் பெண்கள் பக்கம் ஒரே கூட்டம். மதினி என் கையைப் பிடித்துக்கொண்டார்கள், ஹஃப்சா இன்னொரு கையை. பாறையில் கால் வைத்ததும் பயம் வந்தது. அடுத்த நிமிஷம் தண்ணீர் தலையில் விழுந்தது. விழுந்தது என்பதெல்லாம் சும்மா. அடித்தது. தோளில், முதுகில், பிடரியில் மாறி மாறி அடித்தது. மூச்சு முட்டியது. ஒரு சத்தமும் கேட்கவில்லை, என் சத்தம்கூட. கத்தினேனா அழுதேனா தெரியாது, அங்கே யாருக்கும் அது தெரியப்போவதில்லை. ஹஃப்சா வெளியே இழுத்தாள். நான் திரும்பவும் உள்ளே போனேன். மதினியும் வந்தார்கள். துணிமணிக்குக் காவலாக ரபீக் மச்சானும் அவருடைய பையன்களும் கடை ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

நடந்தே திரும்பினோம். பல் தந்தி அடித்தது. வாசலில் செருப்பைக் கழற்றக் குனிந்தபோது கண் எரிந்தது, முடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. உள்ளேயிருந்து ஆண வாசனை வந்தது. வயிற்றுக்குள் என்னவோ சுருட்டிப் பிடித்தது. ஒரு நிமிஷம் என்னவென்று தெரியாமல் சுவரைப் பிடித்து நின்றேன். பிறகு தெரிந்தது.

பாரூக் கரண்டியோடு எட்டிப் பார்த்தார். "வந்துட்டியா? உப்பு சரியா இருக்கான்னு பாரு."

"அதெல்லாம் பிறகு. முதல்ல தட்ட வைங்க," என்றேன். "என்னா பசி பசிக்குது."