டம்ளர் சத்தம்

எங்கள் வீட்டுக்கும் மனோகர் அண்ணன் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். சாம்பியன் ரீப்ஸில் தங்கச் சுரங்கக் கம்பெனி கட்டிக்கொடுத்த லைன் வீடுகள் எல்லாமே அப்படித்தான். அங்கே தாளித்தால் இங்கே தும்மல் வரும். அந்தச் சுவரில் அண்ணன் டம்ளரால் தட்டும் சத்தம் கேட்டால் போதும், என் வீட்டுக்காரர் ஏசுபாதம் சாப்பிட்ட கையோடு எழுந்து ஓடுவார்.

அது சுரங்கத்திலிருந்து வந்த பழக்கம். இருவரும் ஒரே ஷிப்ட். ஒருநாள் கீழே பாறை சரிந்து மனோகர் அண்ணன் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார். கையில் கிடைத்த கல்லால் காற்றுக் குழாயைத் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். எல்லாம் முடிந்தது என்று மற்றவர்கள் மேலே கிளம்பியபோது, குழாயில் காதை வைத்துக் கேட்டு, "ஆளு உசுரோட கீறான்" என்று கத்தியவர் என் வீட்டுக்காரர்.

அன்று உயிர் பிழைத்தவரைக் கல்தூசி விடவில்லை. நுரையீரல் முழுக்கக் கெட்டுப்போய்ப் படுத்த படுக்கையானார். கரண்டில் ஓடும் பழைய ஆக்சிஜன் மிஷின் ஒன்றை வாங்கிக் கட்டிலோரம் வைத்தார்கள். கரண்ட் போனால் அதுவும் நின்றுவிடும். உடனே யாராவது வந்து மூக்குக் குழாயைப் பக்கத்தில் இருக்கும் சிலிண்டரில் மாட்டித் திறந்துவிட வேண்டும். அவரால் எழுந்து செய்ய முடியாது. அதற்குத்தான் டம்ளர்.

அவர் மகன் ரூபேஷை நினைத்தால் எனக்கு இப்போதும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. பெங்களூருக்கு ரயிலில் வேலைக்குப் போய்வந்த பையன். போனைப் பார்த்துக்கொண்டே இறங்க வேண்டிய ஸ்டேஷனைத் தவறவிட்டு, தவறவிட்டு, கடைசியில் வேலையையும் விட்டான். நைனாவைப் பார்த்துக்கொள்கிறேன் என்று வீட்டோடு உட்கார்ந்தான். தாய் பார்வதம்மா ஆண்டர்சன்பேட்டையில் ஒரு துணிக்கடையில் நாளெல்லாம் நின்று சம்பாதித்தாள். இந்தத் துரையோ வாசற்படியில் உட்கார்ந்து, இரண்டு காதையும் இயர்போனால் அடைத்துக்கொண்டு, போன் ஆட்டத்தில் ஆட்களைச் சுட்டுக்கொண்டிருந்தார். தட்டில் ஈ மொய்த்தாலும் தெரியாது. குளிக்கப் போனாலும் போன் கூடப் போகும். பிடுங்கி வைத்தால் பெற்றவளையே பிடித்துத் தள்ளுவான். ஒருமுறை அவள் நெற்றி வீங்கியிருந்தது. கதவில் இடித்துக்கொண்டேன் என்றாள். நான் நம்பவில்லை.

டம்ளர் சத்தம் அவன் ஆட்டத்தைக் கெடுத்தது. ஒவ்வொரு முறையும் என் வீட்டுக்காரர் ஓடிவந்து, "பக்கத்துலயே கீறியே, காது கேக்கலயா?" என்று திட்டுவது அவனுக்கு அவமானமாகவும் இருந்தது. ஒருநாள் தன் பழைய போனைக் கொண்டுவந்து அப்பா கையில் வைத்தான்.

"இன்னா நைனா, இன்னும் மைன்லயா கீற? இந்தா, என் போட்டோவத் தொடு. எனக்கு ரிங் வரும், நா வந்துடுவேன்."

அண்ணனுக்கு வாயெல்லாம் பல். "பாத்தியாமா ரெபேக்கா, புள்ள எனக்கும் ஒண்ணு குடுத்துட்டான்" என்று என்னிடம் காட்டினார். டம்ளர் சமையல் மேடைக்குப் போய்விட்டது. அதோடு விட்டானா? எங்கள் வீட்டுக்கும் வந்தான்.

"அங்கிள், கரண்ட் போனா நீங்க ஓடி வராதீங்க. சும்மா சும்மா வந்து நிக்கறது நல்லா இல்ல. நா கீறேன் இல்ல?"

என் வீட்டுக்காரர் தலையை மட்டும் ஆட்டினார். அவர் முகம் சுருங்கிப்போயிருந்தது.

போன மாதம் ஒரு மத்தியானம் நான் மார்க்கெட்டிலிருந்து திரும்பியபோது லைனில் கரண்ட் இல்லை. ரூபேஷ் படியில் உட்கார்ந்திருந்தான்.

"டேய், கரண்ட் போயிடுச்சே, நைனாவுக்கு சிலிண்டர் மாட்டிட்டியா?"

காதில் விழவில்லை. தோளைப் பிடித்து உலுக்கினேன். ஒரு காதைத் திறந்தான், கண்ணை எடுக்கவில்லை.

"ஒரு நிமிஷம் ஆன்ட்டி. கடைசி ஆளு, முடிச்சுட்டு வரேன்."

பையைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினேன். அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தார். வாய் திறந்திருந்தது, உதடு நீலமாகியிருந்தது. மூக்கில் குழாய் அப்படியே இருந்தது, அதில் காற்று இல்லை. நான் போட்ட கூச்சலில் ஏசுபாதம் வந்து சிலிண்டரைத் திறந்தார், நெஞ்சை அமுக்கினார், பேர் சொல்லிக் கூப்பிட்டார். உடம்பில் சூடு மட்டும்தான் மிச்சம் இருந்தது.

ஆட்டத்தின் நடுவே எந்த அழைப்பும் குறுக்கே வராதபடி ரூபேஷ் போனில் அடைத்து வைத்திருந்தான். ஆட்டம் முடிந்ததும் எல்லாம் ஒன்றாகத் திரையில் வந்து விழுந்தன. நைனா. நைனா. நைனா. விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தன.

அப்புறம்தான் என் வீட்டுக்காரர் அண்ணனின் கையைத் தூக்கிப் பார்த்தார். விரல் முட்டிகளில் தோல் உரிந்து, சுவரின் சுண்ணாம்பு அப்பியிருந்தது. போன் கைவிட்டதும் வெறும் கையால் தட்டியிருக்கிறார். டம்ளரால் தட்டினால் கேட்கும்; வெறும் விரல் தட்டுவது அந்தச் சுவரைத் தாண்டி எங்கே கேட்கும்?

"கரண்ட் போனதும் எழுந்தேன் ரெபேக்கா" என்றார் என் வீட்டுக்காரர். "அந்தப் பையன் சொன்னத நெனச்சு திரும்ப ஒக்காந்துட்டேன்." தலையில் அடித்துக்கொண்டு அழுதார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

ரூபேஷும் அழுதான். பொய்யழுகை இல்லை. அப்பா மேல் விழுந்து புரண்டான். சுவரில் அடித்து நொறுக்கப் போகிறவன்போல் போனை ஓங்கினான். ஓங்கிய கை அப்படியே நின்றது. பிறகு அதை மெல்லச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

காரியம் முடிந்த மறுநாள் சாயங்காலம் சுவரில் டம்ளர் சத்தம் கேட்டது. என் வீட்டுக்காரர் காபியைக் கீழே போட்டுவிட்டு ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன். படியில் மொட்டைத் தலையோடு ரூபேஷ் உட்கார்ந்திருந்தான், காதை அடைத்துக்கொண்டு. நாங்கள் உள்ளே போக முழங்காலை ஒதுக்கி வழிவிட்டான். நிமிர்ந்து பார்க்கவில்லை.

காலிக் கட்டிலில் பார்வதம்மா கையில் டம்ளரோடு உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாமா, உடம்புக்கு இன்னா?" என்றார் இவர், மூச்சு வாங்க.

"ஒண்ணும் இல்லண்ணா. நாளைக்கு எனக்கும் இந்தக் கட்டில்தான். தட்டுனா யார் வராங்கன்னு பாத்தேன்."

வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, டம்ளரைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.