மூன்றாவது நாற்காலி ஆடும்

ஏலம் விடுவது என் தொழில். பொருளை விற்க வருகிறவர்களில் எத்தனையோ ரகம் பார்த்திருக்கிறேன். தன் சரக்கைத் தானே நாறடித்த அம்மாளை இந்த முறைதான் பார்த்தேன்.

சாப்பாட்டு மேசை நாற்காலிகள் எட்டு. இங்கிலாந்தில் செய்தவை, பழைய மகாகனி மரம். கொண்டுவந்தவர் அந்த அம்மாளின் கணவர். பெரிய வீட்டை விட்டுச் சின்னதுக்குப் போகிறார்களாம்.

"பிள்ளைங்க ஆளுக்கொரு ஊர்ல. ரெண்டு பேர் சாப்பிட எட்டு நாற்காலி எதுக்கு? விலை போகலன்னா திரும்ப எடுத்துக்கிறேன்," என்றார்.

கூட வந்த மனைவி அந்தக் கடைசி வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "இது போயிட்டா பிள்ளைங்க வர்றதும் நின்னுடும்," என்று என்னிடம் நேராகவே சொன்னார்.

பார்வைக்கு வைத்த நாளில் காலையிலேயே வந்து பக்கத்தில் நின்றுகொண்டார். யார் குனிந்து பார்த்தாலும் காதில் ஓதினார்.

"மூணாவது ஆடும்." "கால்ல பூச்சி அரிச்சிருக்கு." "மகாகனியாவது மண்ணாங்கட்டியாவது! சாயம் பூசினது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அம்மா, என் பிழைப்புல மண்ணைப் போடாதீங்க."

"உள்ளதைத்தானே சொல்றேன்," என்றார், கொஞ்சமும் கூசாமல்.

பாவம், ஏலம் எடுக்க வருகிறவர்களின் புத்தி அவருக்குத் தெரியவில்லை. எங்கள் கூடத்தில் ஒரு பொருளை வாய் ஓயாமல் குறை சொன்னால், அதை அடிமாட்டு விலைக்கு அமுக்கப் பார்க்கிறார் என்று அர்த்தம். சீச்சீ, இந்தப் பழம் புளிக்கும் என்று அடுத்தவனை விரட்டிவிட்டுத் தான் பறித்துக்கொள்கிற ஆள். அம்மாளையும் யாரோ கில்லாடி வியாபாரி என்றே நினைத்தார்கள்.

மறுநாள் அந்த எட்டுக்கும் போட்டா போட்டி. நான் எதிர்பார்த்த விலைக்கு இரண்டு மடங்கில் சுத்தியலைத் தட்டினேன். கணவருக்கு வாயெல்லாம் பல். அம்மாள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

வாங்கியவர் ஒரு குழந்தைகள் டாக்டர். அம்மாள் விறுவிறுவென்று அவரிடம் போனார். வம்புதான் என்று நானும் பின்னால் ஓடினேன்.

"வீட்டுக்கா?"

"கிளினிக்குக்கும்மா. காத்திருக்கிறவங்க உட்கார."

"எட்டும் நிறையுமா?"

"நிறையுமாவா? பாதிப் பேர் நின்னுக்கிட்டுத்தான் இருக்காங்க."

அம்மாள் மூன்றாவது நாற்காலியின் முதுகைத் தடவினார்.

"இது ஆடும்னு சொன்னேன்ல, பொய். ஆடவே ஆடாது. சின்னப் பிள்ளைங்க வந்தா இதுல உட்கார வைங்க."