கரடு துப்பிய சைக்கிள்

தாயில்பட்டிக்கு மேற்கே, மூடிக் கிடக்கும் தம் குடும்பத்துப் பட்டாசு ஆலையின் ரோட்டு வாசலில் ராஜபாண்டியன் வாயைத் திறந்தபடி நின்றார். சற்று முன்னர் அந்த வாசல் வழியே சைக்கிளில் உள்ளே போன பெண், அதே வாசல் வழியே வெளியே வந்து அவர்முன் பிரேக் பிடித்தாள்.

"அதுக்குள்ள முடிஞ்சிருச்சாம்மா?"

"எங்க சார் முடியறது? நான் இன்னும் மேலேயே ஏறலைங்க. அம்புக்குறி காட்டுன பக்கம்தான் திரும்புனேன். திரும்பி இங்கேயே வந்து நிக்கறேன்."

ஆர்த்தி என்பது அவள் பெயர். கோயம்புத்தூரிலிருந்து மாநிலச் சைக்கிள் சங்கம் அனுப்பிய சோதனையாளர். ஆலை வேலிக்குள்ளேயே எழும் கரடு என்னும் சிறு குன்றில், பாறையிலும் சரளையிலும் உருண்டு ஏறி இறங்கும் மலைச் சைக்கிள் பாதையொன்றை ராஜபாண்டியன் அமைத்திருந்தார். அப்பாதையில் போட்டி நடத்தலாமா, கூடாதா என்று சொல்லும் அதிகாரம் அவளுக்கு உண்டு. விதி எளியது. ரோட்டு வாசலில் நுழைந்து, கரட்டின் உச்சியில் ஏறி, மறுபுறம் கண்மாய் வாசலில் இறங்க வேண்டும். யாரிடமும் வழி கேட்கக் கூடாது. பாறைகளில் தீட்டியிருக்கும் குறிகளை மட்டுமே நம்ப வேண்டும். மூன்று தடவை முயலலாம். மூன்றிலும் வழி தவறினால், பாதை தகுதியற்றது என்று எழுதிவிட்டு அவள் விருதுநகரில் மாலை ரயிலைப் பிடித்துவிடுவாள்.

அவள் அப்படி எழுதினால் கரடு இராது. அதை ராஜபாண்டியனின் அண்ணன் சங்கரலிங்கம் தெளிவாகவே சொல்லியிருந்தார். கல் உடைக்கும் கிரஷர்காரர் ஒருவர் ஆறு மாதமாக அவரைச் சுற்றிச் சுற்றி வருகிறார். "அந்தப் பொண்ணு சரின்னு சொன்னா உன் சைக்கிள் ஓடட்டும். இல்லைன்னா ராத்திரியே நான் அவருக்குச் சரின்னு சொல்லிருவேன். சும்மா கெடக்குற கல்லுக்கு எதுக்குடா காவல்?" என்று முன்தினம் சாப்பிடும்போது சொன்னவர், இன்று வேடிக்கை பார்ப்பதற்கென்றே சிவகாசி அச்சகத்தை விட்டுவிட்டு வந்து, வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அமர்ந்திருந்தார். காலண்டர் சீசனில் அவர் அச்சகத்தை விட்டு நகர்வது அபூர்வம்.

"என்ன தம்பி, ஒங்க கரடு துப்பிருச்சோ?" என்றார்.

"சும்மா இருங்க அண்ணாச்சி."

ஆர்த்தி தலைக்கவசத்தின் வாரை இறுக்கினாள். "அந்த அம்பு வேற பாதைக்குப் போட்டதா இருக்கும். இந்தத் தடவை அதை விட்டுட்டு அடுத்ததைப் பார்க்கறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

வேறு பாதையென்று ஒன்று இல்லையே என்பது ராஜபாண்டியனுக்குத் தெரியும். சொல்லத்தான் அனுமதியில்லை. அவர் வாயை மூடிக்கொண்டார். பாதை பிரியும் ஒவ்வோரிடத்திலும் தாமே நடந்து சென்று சுண்ணாம்பால் புள்ளி வைத்தவர் அவர். பழைய தொழிலாளியான கருப்பம்மாளையும் அவள் கணவன் முத்துக்கருப்பனையும் அழைத்து, "வர்றவுக எல்லாம் வெளியூர்க்காரவுக. வழி தெரியாம முழிச்சிரக் கூடாது. புள்ளி வச்ச எடத்துல எல்லாம் பளிச்சுன்னு அம்பு போட்டுருங்க" என்று சொல்லி வெள்ளைப் பெயிண்ட் டின்களைக் கொடுத்தார். அவ்வளவுதான். ஒரு வேலையை ஏவுகிறவர் அது முடிந்தபின் ஒரு நடை போய்ப் பார்க்க வேண்டாமா? அவர் பார்க்கவில்லை. அச்சகத்தில் ஆர்டர் குவிந்துவிட்டது என்று அண்ணன் இழுத்துக்கொண்டார், அவரும் இழுபட்டார்.

யோசித்து முடிப்பதற்குள் வலப்புறமிருந்து கூச்சல் கேட்டது. ஆலையின் பக்கவாட்டில், கோயிலைப் பார்த்த சிறிய வாசல் ஒன்று உண்டு. அதன் வழியே வெளியேறிய ஆர்த்தி, உடைமர நிழலில் மேய்ந்த ஆடுகளுக்கு நடுவே வந்து நின்றாள். ஆடுகள் சிதறின. அவளோ, எந்தத் திசையில் வந்து சேர்ந்தோம் என்பது விளங்காமல் கரட்டையும் ஆடுகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ரெண்டாவதும் போச்சா!" என்று சங்கரலிங்கம் நாற்காலியில் நிமிர்ந்தார். "ஏலே முத்துக்கருப்பா, கரட்டுக்குள்ள என்னலே வச்சிருக்கீக? உள்ள போறவுகளை அப்பிடியே தூக்கி வெளிய வீசுது!"

முத்துக்கருப்பன் தலையைச் சொறிந்தார். "மேல முனியாண்டி இருக்காரு மொதலாளி. பொம்பளப் புள்ள கால்சட்டை போட்டுட்டுப் போறது புடிக்கலையோ என்னமோ."

"ஆமா, முனியாண்டி இப்பத்தான் கால்சட்டையைக் கண்டாராக்கும்" என்று அவரை அடக்கினாள் கருப்பம்மாள்.

ராஜபாண்டியன் அதற்குமேல் பொறுக்கவில்லை. அங்கே சாய்த்து வைத்திருந்த இன்னொரு சைக்கிளை எடுத்துக்கொண்டு தாமே உள்ளே புகுந்தார். ஐம்பது வயதுத் தொப்பைக்கு அந்தச் சைக்கிள் உகந்ததன்று, ஆயினும் மிதித்தார். முதற்பிரிவில் அம்பு வலப்புறம் காட்டியது. அவ்வழி பழைய லாரித்தடம். பட்டாசு செய்த நான்கு அறைகளைச் சுற்றி மறுபடி வாசலுக்குத்தான் போகும். இதை ஏன் காட்டினார்கள்? அவர் இடப்புறமே ஏறினார். அடுத்த அம்பு கோயில் வாசலைக் காட்டியது. அதையும் தவிர்த்தார். இன்னும் மேலே, இரண்டு வெடிமருந்து அறைகளுக்கு நடுவில், எதிரே நின்ற பாறையில் பெரிய அம்பு ஒன்று நேராக அவரையே காட்டிக்கொண்டிருந்தது. வந்த வழியே திரும்பிப் போ என்று விரலை நீட்டுவது போல் இருந்தது.

சைக்கிளை விட்டு இறங்கினார். தலை சுற்றியது. தாம் வகுத்த பாதை இதுதானா? இவ்விடத்தில் மேற்கு எது, கிழக்கு எது? பிறந்து வளர்ந்த கரடு முன்பின் தெரியாத இடம்போல் நின்றது. அம்பைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். மருந்தறைச் சுவரில், வெயிலில் வெளிறிய இன்னோர் அம்பு இருந்தது. ஆலை ஓடிய காலத்தில் தீட்டியது. அதுவும் அதே திசையைத்தான் காட்டியது.

ஏறியதைவிட விரைவாக அவர் இறங்கி வந்தார்.

"கருப்பம்மா, அம்பெல்லாம் எந்தக் கணக்குல போட்டீக?"

"கணக்கு என்ன மொதலாளி கணக்கு? எந்த எடத்துல நின்னாலும் கிட்டக்க இருக்குற வாசல் எதுவோ அதைப் பாத்துப் போட்டிருக்கோம். ஒரு எடம் விடலை. அவுக கண்ணை மூடிட்டு வந்தாலும் வெளிய வந்துருவாக."

"வெளிய வர்றதுக்கா?"

"பெறகு? அம்புன்னா வெளிய போறதுக்குத்தான. தீப்பிடிச்சா ஓடிப் பழகணும்னு நீங்கதான மாசாமாசம் விசில ஊதி எங்களை ஓட விட்டீக? 'அம்பு எந்தப் பக்கம்?'னு கேப்பீக. 'வாசப் பக்கம்!'னு நாங்க கத்தணும். ஒருநா நான் உள்பக்கமா ஓடிட்டேன்னு வெயில்ல நிக்க வச்சு வஞ்சீகளே, மறந்துட்டீகளா?"

மரத்தடியிலிருந்து சங்கரலிங்கத்தின் சிரிப்பு வெடித்தது. "அடேய், பாடம் நடத்துன வாத்தியாரு நீதானா!"

ராஜபாண்டியனுக்குக் கோபம் வந்தது. அதை யார்மேல் காட்டுவதென்றுதான் தெரியவில்லை. கருப்பம்மாளை ஏச வாயெடுத்தவர், தாம் அன்று ஏசியதும் இதற்கு நேர்மாறான காரணத்திற்காக என்பது நினைவுக்கு வரவே, எடுத்த வாயை மூடினார். அன்றும் சரி, இன்றும் சரி, அவள் பாவம் சொன்னதைத்தான் செய்கிறாள்.

ரோட்டு வாசலுக்குத் திரும்பியிருந்த ஆர்த்தி நடந்ததைக் கேட்டுக்கொண்டிருந்தாள். சிரிப்பை அடக்கியதில் அவள் முகம் சிவந்துவிட்டது. "சார், குறியை மாத்திக்கறதுக்கு விதியில தடையில்லைங்க. ரயிலுக்கு நேரம் இருக்கு. ஆனா மூணாவதுதான் கடைசி. அப்புறம் நான் ஒண்ணும் பண்ண முடியாது."

வாசற்கதவுக்குப் பூசிய மஞ்சள் பெயிண்ட் ஒரு டின் மிச்சம் இருந்தது. ராஜபாண்டியன் அதைக் கருப்பம்மாளிடம் நீட்டினார். "இந்தா. இதை உள்பக்கமா, மேல ஏறுற பக்கமாப் போட்டுட்டு வா. நானும் கூட வாரேன்."

அவள் கையை நீட்டவில்லை.

"மாட்டேன் மொதலாளி."

"ஏன்?"

"ஒரு ஐப்பசியில அஞ்சாம் ரூம்பு புகைஞ்சுச்சே, அன்னைக்கு அம்பைப் பாத்துத்தான் அம்புட்டுப் பேரும் வெளிய வந்தோம். கண்ணெல்லாம் எரியுது, பக்கத்துல இருக்குறவ தெரியலை, அம்பு மட்டும் தெரிஞ்சுது. அதே கையால உள்ள போன்னு எழுதச் சொல்றீகளே. நீங்க மொதலாளி, என்ன வேணாலும் சொல்லுவீக. எனக்கு வராது."

"உள்ள இப்ப மருந்தும் இல்லை, மாயமும் இல்லையே!"

"எனக்குத் தெரியும். கைக்குத் தெரியாதே."

முத்துக்கருப்பனும் வேறெங்கோ பார்த்தார். ராஜபாண்டியன் டின்னையும் தூரிகையையும் எடுத்துக்கொண்டு தனியே ஏறினார்.

வேலை எளிதென்றுதான் நினைத்தார். வெள்ளை வெளியே காட்டினால் மஞ்சள் உள்ளே காட்ட வேண்டும். இதில் என்ன இருக்கிறது? முதற்பாறையில் குனிந்து தீட்டி, நிமிர்ந்து பார்த்தால், மஞ்சள் அம்பும் வாசலையே காட்டியது. அவர் கையும் பல்லாண்டு பழகிய கைதான். வேட்டி நுனியால் துடைத்துவிட்டு மறுபடி தீட்டினார். அடுத்த பாறையிலும் கை ஏமாற்றப் பார்த்தது. பின்னர், ஒவ்வொரு புள்ளியிலும் உச்சியை நோக்கி நின்று, "நான் வெளிய போக வரலை, வெளிய போக வரலை" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வரைந்தார். யாராவது கேட்டிருந்தால் முனியாண்டி பிடித்துவிட்டார் என்றே முடிவு கட்டியிருப்பார்கள்.

உச்சியில் மொட்டைப்பாறை இருந்தது. அங்கே இரண்டு வெள்ளை அம்புகள் முதுகோடு முதுகு ஒட்டியதுபோல் நின்றன. ஒன்று ரோட்டு வாசலையும் மற்றொன்று கண்மாய் வாசலையும் காட்டின. கருப்பம்மாள் அங்கே நின்று, எந்த வாசல் கிட்டம் என்று வெகுநேரம் யோசித்துத்தான் இரண்டையும் போட்டிருக்க வேண்டும். அந்தப் பாறைக்கு அப்பால் வெள்ளையும் மஞ்சளும் ஒரே திசை. அதுவரை நேர்மாறாகத் தீட்டிப் பழகிவிட்ட கை, இப்போது நேராகத் தீட்டத் தயங்கியது. அம்பு ஒன்று எங்கு போகிறதென்றே விளங்காத கோலமாய் முடிந்தது. திருத்த நேரமில்லை. சூரியன் கண்மாய்ப் பக்கம் சாயத் தொடங்கியிருந்தது.

ஆர்த்தி மூன்றாம் தடவையாக உள்ளே போனாள்.

இப்போது எல்லாரும் கண்மாய் வாசலுக்கு நகர்ந்தார்கள். முத்துக்கருப்பனை மட்டும், பழையபடி அவள் திரும்பி வந்தால் குரல் கொடுக்கும்படி ரோட்டு வாசலில் நிறுத்தினார்கள். முத்துக்கருப்பன் குரல் கொடுக்கவில்லை. கோயில் பக்கத்து ஆடுகளும் சிதறவில்லை. கரட்டுக்குள்ளிருந்து ஒரு சத்தமும் இல்லை.

அவள் ரோட்டு வாசலுக்குத் திரும்பி வரவில்லையென்றால் வழி சரியாகப் போகிறது என்று பொருள். இதை ராஜபாண்டியன் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். மனம் கேட்டால்தானே! இந்த வாசல்களில் நின்று அவர் வேண்டியதெல்லாம், உள்ளே இருப்பவர்கள் விரைவாக வெளியே வந்துவிட வேண்டும் என்பதுதான். வராத ஒவ்வொரு நொடியையும் அந்நாளில் வாய்விட்டு எண்ணுவார். இன்று திரும்பி வராமலிருக்க வேண்டுமென்று வேண்டிக்கொண்டு நிற்கிறார். வாயோ பழைய பாடமாக நொடிகளை எண்ணியது.

"புள்ளையைக் காணோமே மொதலாளி" என்றாள் கருப்பம்மாள்.

"வரும்."

"எம்புட்டு நேரமாச்சு! நான் போய் ஒரு சத்தம் குடுத்துட்டு வாரேன்."

"போகக் கூடாது. யாராவது கூப்பிட்டா அவ தோத்ததாக் கணக்கு."

"தோத்தாத் தோக்கட்டும்! விழுந்து கெடந்தா?"

அவள் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு வாசலைத் தாண்டினாள். ராஜபாண்டியன் குறுக்கே போய்க் கைகளை விரித்து நின்றார். உள்ளே ஓடுகிறவளை மறிப்பது அவருக்குப் புதிதன்று. அவரைத் தள்ளிவிட்டு அவள் போயிருப்பாள். அவரும் பின்னாலேயே ஓடியிருப்பார். அதற்குள் சங்கரலிங்கம் வந்து இருவருக்கும் பக்கத்தில் நின்றார். கரட்டையே பார்த்தார்.

"தம்பி," என்றார் மெல்ல, "விசில் இருந்தா ஊதித்தான் பாப்பமே."

"ஊதுனா கரடு போச்சு அண்ணாச்சி."

"போனாப் போகட்டும்லே. அந்தப் பொண்ணு..."

ராஜபாண்டியனின் கை சட்டைப் பைக்குள் போய்விட்டது. உள்ளே விசில் இல்லை, சாவிக்கொத்துதான் இருந்தது. அப்போது மேலே சரளை சரிந்தது. கற்கள் உருண்டன. வேலிக்கருவைக்குப் பின்னாலிருந்து, முழங்கையில் சிராய்ப்பும் கன்னத்தில் மஞ்சள் பெயிண்டுமாக, ஆர்த்தி கண்மாய் வாசலில் வந்து இறங்கினாள்.

தலைக்கவசத்தைக் கழற்றினாள்.

"பாதை சரிங்க சார். எழுதிடறேன். ஆனா மொட்டைப் பாறைக்கு அந்தாண்ட ஒரு மஞ்சள் அம்பு வானத்தைக் காட்டுது. அங்கே நின்னு ரொம்ப நேரம் குழம்பிட்டேன். கடைசியில பக்கத்துல இருந்த வெள்ளையைப் பார்த்துத்தான் இறங்குனேன். வெள்ளையை அழிச்சுடாதீங்க."

"அழிக்க மாட்டோம்மா" என்று ராஜபாண்டியன் சொல்வதற்குள், சங்கரலிங்கம் கைப்பேசியை எடுத்துக்கொண்டு கண்மாய்க் கரைப்பக்கம் போனார். "இல்லை, கரடு தோதுப்படாது. ஆமா, தம்பி குடுக்க மாட்டேங்குதான். நானுந்தான்" என்று கிரஷர்காரரிடம் அவர் பேசுவது காற்றில் வந்தது.

கருப்பம்மாள் தண்ணீர்ச் செம்பை ஆர்த்தியின் கையில் திணித்து, சிராய்ப்பை ஊதினாள்.

"ஏந்தாயி, ஒரு சந்தேகம் கேக்கேன். வெளிய போற வழிதான் அம்புட்டுத் தெளிவா எழுதிக் கெடக்கே. அதை விட்டுட்டு எதுக்கு உள்ளுக்குள்ளயே போய்ச் சுத்துதீக?"

ஆர்த்தி தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டு யோசித்தாள். கரட்டை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"தெரியலைங்க அக்கா" என்றாள்.